வெள்ளிக்கிழமை மட்டும் வராத பெட்டி நம்பர்

எங்கள் ஊர் மண்ணூரில் சொந்தப் பெயரில் நிலம் வைத்திருந்தவர்கள் உண்டு, லாரி வைத்திருந்தவர்கள் உண்டு. டேட்டாபேஸ் சர்வரில் சொந்தப் பெயரில் யூசர் வைத்திருந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஏழுமலை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமையை மூடி வைத்து என்ன செய்வது?

போன மாதம் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் எங்கள் பழைய கம்பெனி இன்ஜினியர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அங்கிள், இப்பல்லாம் நாங்க கையால எழுதுறதே இல்ல. கேட்டா கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிக் குடுத்துடுது. உங்க லேபிள் புரோகிராமைக் காட்டி இதைச் சுருக்கிக் குடுன்னு கேட்டோம். சர்வருக்கு ரெண்டு தடவை போறீங்களாம், ஒரு தடவை போதுமாம். பெட்டி நம்பர் வாங்க ஒரு தடவை, பெட்டி ரொம்புனப்புறம் ஒரு தடவை. எதுக்கு அங்கிள்?"

"சுருக்கிட்டீங்களா?"

"இல்ல, உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பொயச்சீங்க."

அந்த இரண்டு தடவைக்குப் பின்னால் ஒரு முழு ஆடி மாதம் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் கார் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு மோட்டார் செய்கிற கம்பெனி. நான் அங்கே கான்ட்ராக்டில் லோடிங் ஆளாகப் போனேன். முதுகு மக்கர் பண்ணியதும் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஓர் இன்ஜினியர் பைத்தானில் எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரை ஸ்கேன் செய்தால் அது சர்வருக்குப் போய் விவரம் கேட்டுவந்து லேபிள் அடிக்கும். நான் ஒட்டுவேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

ஒரு திங்கட்கிழமை புரோகிராம் திறந்ததும் சிவப்பு எழுத்தாகக் கொட்டியது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் பாதி தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். அந்தச் சிவப்பில் புள்ளி புள்ளியாக ஓர் எண் இருந்தது. சனிக்கிழமை பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை ரூமுக்குள் கொண்டுபோனபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். புதுப் பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் வேறு எண் எழுதியிருந்தது. ஆள் வூடு மாறிவிட்டார், நம் புரோகிராம் பழைய வூட்டுக் கதவைத் தட்டுகிறது என்று எனக்குப் பட்டது. ஃபைலைத் திறந்தேன். பழைய எண் இருந்த வரியைத் தேடிப் பிடித்துப் புது எண்ணை அடித்தேன். பிரின்டர் கர்ர் என்று லேபிளைத் துப்பியது. அன்றைக்கு நான் போட்ட குதியில் மேஜையில் இருந்த பசை டப்பா கவிழ்ந்தது.

அதற்குப் பிறகு கம்பெனி பஸ்ஸில் போகிற நேரமெல்லாம் செல்போனில் பைத்தான் வீடியோதான். மற்றவர்கள் தூங்கினார்கள். நான் படித்தேன். இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சர்வரைப் பார்த்துக்கொண்ட ராஜலட்சுமி மேடம் ஒருநாள் லேபிள் ரூமுக்கே வந்து நின்றார்கள்.

"இங்கிருந்து ரூட் யூசர்ல யார் சர்வருக்கு வர்றது?"

ரூட் என்றால் எல்லாக் கதவும் திறக்கிற சாவி. பழைய ஆள் அந்தப் பாஸ்வேர்டை அப்படியே புரோகிராமுக்குள் எழுதி வைத்திருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

"நான்தான் மேடம். முன்ன இருந்தவர் எழுதுனது. நான் நம்பர் மட்டும்தான் மாத்துனேன்."

"நம்பரை மாத்தத் தெரிஞ்சவருக்கு யூசரையும் மாத்தத் தெரியும். உட்காருங்க ஏழுமலை சார்."

அந்தக் கம்பெனியில் என்னை சார் என்று கூப்பிட்ட முதல் வாய் அது. அவர்கள் வழி தனி வழி. அடுத்தவர் கீபோர்டைத் தொடமாட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நாம்தான் அடிக்க வேண்டும், நாம்தான் தப்புவிட வேண்டும். சிவப்பு எழுத்து வந்தால் "கடைசி வரியை முதல்ல படிங்க, சத்தமா" என்பார்கள். மேலே இருப்பதெல்லாம் புலம்பல், கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். தெரியாத சொல்லுக்கு அர்த்தம் சொல்லுவார்கள், ஆனால் விடையைச் சொல்லமாட்டார்கள். கோபம் வந்தால் என்ன செய்வார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது, வந்ததே இல்லை.

அன்றைக்கு என் பெயரிலேயே ஒரு யூசர் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்கலாம், சேர்க்கலாம், அழிக்க முடியாது. சர்வருக்குப் போகும் முறையை நான் எங்கள் கேட்டை வைத்து மனதில் ஏற்றிக்கொண்டேன். எந்தக் கம்பெனி, யார் நீ, அடையாளம் என்ன, எந்த டிபார்ட்மென்ட்: இந்த நாலும் சரியாகச் சொன்னால் வாட்ச்மேன் உள்ளே விடுவான். அதுதான் கனெக்‌ஷன். உள்ளே போய்க் காரியத்தைச் சொல்ல வேண்டும். செய்ததை உறுதிப்படுத்த "கமிட்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லும்வரை நாம் எழுதியது நமக்கு மட்டும்தான் தெரியும். அதுவரை நாம் கை வைத்த இடத்தில் இன்னொருவன் எழுத முடியாது, காத்திருக்க வேண்டும். கடைசியில் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வராமல் இருப்பவர்கள்தான் தொல்லை.

ஒன்றிரண்டு வருஷத்தில் பழைய புரோகிராமைத் தூக்கிப்போட்டுவிட்டு நானே புதிதாக எழுதினேன். நாலு லைனிலும் என் புரோகிராம்தான் ஓடியது. தட்டில் அடுக்கிய ஒரு டஜன் மோட்டாரை டிக் டிக் டிக் என்று ஸ்கேன் செய்தால் பெட்டி ரொம்பியது, லேபிள் வந்தது. அரை நிமிஷம்கூட ஆகாது. லோடிங்கில் இருந்த எனக்கு ஏ.சி. ரூமில் நாற்காலி.

பிறகு மோட்டார் வாங்குகிற கார் கம்பெனி ஒரு மாற்றம் கேட்டது. அதுவரை ஒவ்வொரு லைனுக்கும் தனி வரிசையில் பெட்டி நம்பர். இனிமேல் முழு பிளான்ட்டுக்கும் ஒரே வரிசை, இரண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் வரவே கூடாது. எங்கள் குவாலிட்டிக்காரர்கள் கூடவே ஒன்று சொன்னார்கள்: பாதி ரொம்பிய பெட்டி எதுவும் சர்வரில் பதியக் கூடாது. இரண்டையும் சேர்த்து எழுதினேன். முதல் மோட்டாரை ஸ்கேன் செய்ததும் புரோகிராம் உள்ளே போய் அடுத்த நம்பரை எடுக்கும், பன்னிரண்டும் முடிந்ததும் கமிட் சொல்லி வெளியே வரும். ஒரே போக்கு, ஒரே வரவு. கேட்டபடி அச்சாக இருந்தது.

ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் தொடங்கியதும் ஒன்று, இரண்டு, நான்காம் லைன்களில் திரை உறைந்தது. ஸ்கேன் செய்கிறார்கள், நம்பர் வரவில்லை. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைய நின்றுவிட்டுச் சிவப்பு எழுத்து. மறுபடி ஸ்கேன், மறுபடி சிவப்பு. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் தானாகச் சரியாகிவிட்டது. சனி, திங்கள், செவ்வாய் எல்லாம் பூ மாதிரி ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி.

ஒன்றாம் லைன் சூப்பர்வைசர் பாபு, ஸ்ரீபெரும்புதூர்க்காரர், வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"இன்னா ஏழுமல, உன் மிசினு வெள்ளிக்கெயம விரதம் இருக்குதா? வண்டி கேட்ல நிக்குது, பொட்டி இல்ல. நான் இன்னாத்த ஏத்துறது?"

வெள்ளிக்கிழமை என்றால் வாராந்திர பேக்கப்பாக இருக்கும் என்று பார்த்தோம். பேக்கப் ஞாயிற்றுக்கிழமை. ஒயர் என்றார்கள், ஒயரை மாற்றினோம். என் தலையெழுத்து என்றும் ஒருவர் சொன்னார், அதை மாற்ற வழி தெரியவில்லை.

அதிசயம் என்னவென்றால் மூன்றாம் லைன் மட்டும் அதுவரை ஒருநாளும் நிற்கவில்லை. அங்கே முழுக்கப் பெண்கள், பாதிப் பேர் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவர்கள். லைன் லீடர் இசக்கி. தூணில் ஓர் அம்மன் படம் மாட்டியிருந்தார்கள். பாபு முடிவே கட்டிவிட்டார்.

"அம்மா காப்பாத்துறாபா அவுங்கள. நம்ம லைன்லயும் ஒரு படம் மாட்டுறேன். இது சர்வர் வேல இல்ல, சாமி வேல."

மாட்டினார். பூவும் போட்டார், மூன்றாம் லைனைப் பார்த்து அதே மாதிரி பூஜையும் போட்டார். அந்த வெள்ளிக்கிழமை கோளாறு இரண்டு மடங்கு நேரம் நீடித்தது, கடைசியில் மூன்றாம் லைனும் கொஞ்சம் நின்றது.

பிளான்ட் தலைவர் துரைராஜ் சார் எங்களைக் கூப்பிட்டார். அவர் மீட்டிங்கில் உட்காரமாட்டார், யாரையும் உட்கார விடவும் மாட்டார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அன்றைக்குக் குரல் கிட்டப்போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கிற அளவில் இருந்தது.

"ஏழுமலை, வர்ற வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதுலயும் நின்னுச்சுன்னா உங்க புரோகிராமை எடுத்துடுறோம். வெளிய ஒரு சாப்ட்வேர் கம்பெனிகிட்ட பேசியாச்சு, அன்னைக்கு மத்தியானமே வர்றாங்க. நீங்க திரும்ப லோடிங்குக்குப் போயிடுங்க."

முதுகு வலித்த இடம் அப்போதே மறுபடி வலித்தது. வாரத்தில் ஒருநாள் மட்டும் வருகிற கோளாறு. பிடிக்க எனக்கு இருந்தது அந்த ஒரே வெள்ளிக்கிழமை, அன்றைக்கே தீர்ப்பும்.

ராஜலட்சுமி மேடத்திடம் போனேன்.

"மேடம், நடக்கும்போதே பார்க்கணும். நடந்தப்புறம் போனா ஒண்ணும் இல்ல."

"அப்ப லைனுக்குப் போகாதீங்க. வெள்ளிக்கிழமை காலையில சர்வர் ரூம்ல வந்து உட்காருங்க. உள்ள யார் யார் இருக்காங்கன்னு சர்வர்கிட்டயே கேளுங்க."

அந்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் சைரன் அடித்தபோது நான் சர்வர் ரூமில் கீபோர்டின் முன்னால். மேடம் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. பாபு போனில் கத்தினார்: "நின்னுச்சுபா!" சர்வருக்குள் இருக்கிற ஆட்களின் பட்டியலைக் கேட்கிற கட்டளையை அடித்தேன். வரிசையாக வந்தது. எல்லாம் என் பெயர்தான், ஒவ்வொரு லைனிலிருந்தும் ஒரு ஏழுமலை. மூன்று ஏழுமலைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஏழுமலைக்கு நேரே "ஸ்லீப்" என்று இருந்தது.

"சத்தமா படிங்க."

"ஸ்லீப். தூங்குறான் மேடம்."

"தூங்குறவன் எப்படி மத்தவங்களை நிறுத்துவான்?"

நான் யோசித்தேன். யோசித்த மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்தது.

"நம்பர் வரிசையில கைய வெச்சுக்கினே தூங்குறான் மேடம்! கமிட் சொல்லல."

"எந்த மெஷின்?"

பக்கத்தில் முகவரி இருந்தது. மூன்றாம் லைன். அம்மன் காப்பாற்றுகிறாள் என்று பாபு சொன்ன மூன்றாம் லைன்! நான் ஓடினேன். இந்த வயசில் அப்படி ஓடிய ஆளை அந்தக் கம்பெனி பார்த்ததில்லை.

போனால் அங்கே குலவைச் சத்தம். அம்மன் படத்துக்கு வேப்பிலை, எலுமிச்சம்பழம். நெருப்புக்கு சேஃப்டியில் அனுமதி கிடையாது என்பதால் தட்டில் பேட்டரி விளக்கு. நடுவில், பூச்சரம் சுற்றி, அந்த ஷிப்டின் முதல் மோட்டார். ஒவ்வொரு பெண்ணாக வந்து அதைத் தொட்டுக் கும்பிட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டு போகிறார்கள். திரையில் பெட்டி திறந்திருக்கிறது. பன்னிரண்டில் ஒன்று.

"இசக்கி! அந்த மோட்டாரை ஸ்கேன் பண்ணிட்டியா?"

"பண்ணாம எப்படி அண்ணாச்சி? பிள்ள பொறந்தா பேரு வைக்காமலா சாமி முன்னால கொண்டு போவாவ? ஸ்கேன் ஆனாத்தான் பீஸு."

"மத்த நாள்ல?"

"மத்த நாளு பூ மட்டும் வச்சுட்டு எடுத்துருவோம். ஆடி வெள்ளிக்குத்தான் இம்புட்டும். ஏன் அண்ணாச்சி, மூஞ்சி வெளிறிப்போச்சே?"

எல்லாம் விளங்கிவிட்டது. முதல் மோட்டாரை ஸ்கேன் செய்ததும் என் புரோகிராம் உள்ளே போய் நம்பரைப் பிடித்துக்கொள்கிறது. பெட்டி ரொம்பினால்தான் விடும். மோட்டார் சாமி முன்னால் இருக்கிறது, பெட்டி ரொம்பாது. குலவை முடியும்வரை மற்ற லைன்களுக்கு நம்பர் கிடையாது. இவர்கள் முடித்ததும், போன வாரம் பாபு தன் லைனில் அதையே தொடங்கியிருக்கிறார். சாமி கும்பிட்டால் சரியாகும் என்று கும்பிடக் கும்பிட, நின்ற நேரம் கூடியிருக்கிறது.

"அத எடுத்துப் பெட்டியில போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லா லைனும் ஓடியிருக்கும். துரைராஜ் சார் அதற்குள் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். புத்திசாலி மனுஷன், நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்.

"இதுவா?" குரல் தரையில் இருந்தது. "இனிமே எந்த லைன்லயும் பூஜை கிடையாது. இப்பவே நோட்டீஸ் ஒட்டச் சொல்றேன்."

இசக்கி முகம் செத்துவிட்டது. குலவை நின்றது. எனக்கு அப்போது வந்த ரோஷம் சாமிக்காக வந்ததா, இந்தப் பெண்களுக்காக வந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், என் புரோகிராமுக்காக வந்தது. ஒரு குங்குமத் தட்டைத் தாங்க முடியாத புரோகிராமை ஏழுமலை எழுதினான் என்று இருக்கக் கூடாது.

"சார், நோட்டீஸ் வேணாம். மத்தியான ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப இதே பூஜைய மறுபடி போடச் சொல்லுங்க. பாபு லைன்லயும் போடட்டும். ஒரு லைன் நின்னாலும் நானே லோடிங்குக்கு நடந்து போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தியானம் அந்தக் கம்பெனிக்காரங்க வந்து உட்கார்ந்திருப்பாங்க."

"உக்காரட்டும் சார்."

லேபிள் ரூமுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தேன். ஒரே போக்கை இரண்டாகப் பிரித்தேன். முதல் மோட்டார் ஸ்கேன் ஆனதும் உள்ளே போ, நம்பரை எடு, கமிட் சொல், உடனே வெளியே வந்து கதவைச் சாத்து. பிறகு சாமி கும்பிடு, டீ குடி, யார் கேட்பது? ஸ்கேன் செய்ததெல்லாம் லைன் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பன்னிரண்டும் சேர்ந்த பிறகு மறுபடி உள்ளே போய் மொத்தமாகப் பதிந்து, கமிட் சொல்லி வா.

மேடம் பின்னால் நின்று வரி வரியாகப் படித்தார்கள். "நம்பர் எடுத்தப்புறம் அந்தப் பெட்டியைப் பாதியில விட்டுட்டா? அந்த நம்பர் வீணாப்போகுமே."

"போவட்டும் மேடம். ரெண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் வரக் கூடாதுன்னுதான் கேட்டாங்க. நடுவுல விடுபடக் கூடாதுன்னு யாரும் கேக்கல. பாதிப் பெட்டியும் சர்வருக்குள்ள போகல. குவாலிட்டியும் வாயத் தொறக்க முடியாது."

அவர்கள் முதல் வரியிலிருந்து மறுபடி ஒரு தடவை படித்தார்கள். "இதை நான் சொல்லிக் குடுக்கலையே ஏழுமலை சார்" என்றார்கள். நான் இரண்டு மெடல் வாங்கியவன் மாதிரி நிமிர்ந்தேன்.

மத்தியான ஷிப்ட். வேலை முடிந்தும் இசக்கியும் அவள் கூட்டமும் ஹாஸ்டல் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். துரைராஜ் சார் ஒன்றாம் லைனுக்கும் மூன்றாம் லைனுக்கும் நடுவில் நின்றார். மேடம் வந்தார்கள். கேன்டீன்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். இசக்கி முதல் மோட்டாரை ஸ்கேன் செய்து, பூச்சரம் சுற்றி, அம்மன் முன்னால் வைத்தாள்.

"எம்புட்டு நேரம் போடட்டும் அண்ணாச்சி?"

"ஒனக்கு மூச்சு இருக்கற வரைக்கும் போடு."

போட்டார்கள். அந்தக் கொட்டகை அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு குலவையைக் கேட்டிருக்காது. பாபு தன் லைனில் மோட்டாரை ஸ்கேன் செய்தார். திரை ஒரு கணம் நின்றது. நம்பர் வந்தது! "வந்துச்சுபா! வந்துச்சு!" என்று அவர் கத்தியது குலவைக்கு மேலே கேட்டது. இரண்டாம் லைனில் பிரின்டர் ஓடியது, நான்காம் லைனில் ஓடியது. குலவை நிற்கவில்லை, லேபிளும் நிற்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் பெட்டி எடுக்க வந்து ஹாரன் அடித்தார், யாரும் நகரவில்லை.

துரைராஜ் சார் கடைசிவரை அசையாமல் பார்த்தார். பிறகு மூன்றாம் லைனுக்கு நடந்துபோய் வரிசையில் கடைசியாக நின்றார். குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கப் போனவரை இசக்கி தடுத்தாள். "சேஃப்டி ஷூவ கழட்டப்படாது சார். அம்மன் கோவிச்சுக்க மாட்டா, சேஃப்டி ஆபீசருதான் கோவிச்சுக்குவாரு." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மோட்டாரைத் தொட்டு, குங்குமத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்தச் சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க மீட்டிங் ரூம்ல காத்திருக்காங்க" என்றார். குரல் இப்போது எல்லோருக்கும் கேட்டது. "நான் போகலை. நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

போனேன். சட்டையில் பசைக் கறை, நெற்றியில் இசக்கி வைத்துவிட்ட குங்குமம். கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். டை கட்டிய மூன்று பேர் சுவரில் படமெல்லாம் காட்டத் தயாராக மெஷினை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். பிளான்ட் தலைவர் என்று நினைத்திருப்பார்கள். நான் மேஜைக்குத் தலைமாட்டில் இருந்த பெரிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உக்காருங்க. லேபிள் புரோகிராம் எழுதுனது நான்தான்" என்றேன். "நல்லா ஓடிக்கினு இருக்குது. காபி சொல்லட்டுமா, டீ சொல்லட்டுமா?"